வெள்ளத்துக்கு முன் பணம், வெள்ளத்துக்கு முன் தகவல்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். காவிரிக் கடைமடையில் சம்பா பயிரிடும் சிறு விவசாயிக்கு இது வெறும் பழமொழி அல்ல. ஆண்டுதோறும் வந்து போகும் சோதனை. நடவு முடிந்து, முதல் களை எடுத்து, பயிர் தூர் கட்டும் வேளையில் வானம் திறந்துகொள்கிறது. வயலில் ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் ஒரு வாரம் நின்றால் பயிர் அழுகுகிறது. உழவு, விதை, உரம், நடவுக்கூலி என்று போட்ட பணம் அத்தனையும் தண்ணீரோடு போகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் அடுத்தடுத்த இரு வயல்களை எண்ணிப் பார்க்கலாம். இருவருக்கும் ஆளுக்கு ஆறு மா நிலம். இரண்டு வயல்களும் ஒரே இரவில் மூழ்கின. ஒருவர் ஐப்பசி பிறக்கும்போதே அடங்கல் வாங்கி, பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்தியிருந்தார். மற்றவர் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். மழை பிடித்த பிறகு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓடினார். "அண்ணே, தேதி முடிஞ்சு நாலு நாளாச்சே" என்ற பதில்தான் கிடைத்தது. பயிர்ச் சேதம் கணக்கெடுக்க அலுவலர்கள் வந்த நாளிலும் அவர் ஊரில் இல்லை. இருவருக்கும் பெய்த மழை ஒன்று, மண் ஒன்று, நட்டமும் ஒன்று. வேறுபட்டது தகவல் மட்டுமே.

வெள்ளத்துக்காக அரசு செலவிடும் பணம் சிறிதல்ல. அந்தப் பணம் எத்தனை வகைப்படும், எப்போது வரும், யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டவருக்கே அது பயன்படுகிறது.

வருமுன் ஒன்று, வந்தபின் ஒன்று

இயற்கைச் சீற்றங்களுக்கான அரசு நிதி இரு வகை. வெள்ளம் வந்தபின் நிவாரணத்துக்கும் மீட்புக்கும் தரப்படுவது ஒரு வகை. வெள்ளம் வந்தாலும் சேதம் குறையும்படி முன்கூட்டியே செய்யும் பணிகளுக்குத் தரப்படுவது மற்றொரு வகை. பின்னதைத் தணிப்பு நிதி என்பர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு. ஆயினும் நெடுங்காலம் பணம் பெரும்பாலும் நிவாரணத்துக்கே சென்றது.

பதினைந்தாவது நிதிக்குழுதான் இதற்குத் தனிக் கணக்கு வகுத்தது. 2021-22 முதல் 2025-26 வரையான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கென மொத்தம் ரூ.1,60,153 கோடியை அது பரிந்துரைத்தது. அதில் 100 ரூபாய்க்கு 80 ரூபாய் நிவாரணம், மீட்பு, சீரமைப்பு ஆகியவற்றுக்கு. 20 ரூபாய் தணிப்புக்கு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இந்நிதியில் மத்திய அரசு முக்கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் தர வேண்டும்.

இது தவிர வேறு வழிகளிலும் வெள்ளத் தடுப்புக்குப் பணம் வருகிறது. வெண்ணாறு உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகிய ஆறுகளையும், வளவனாறு வடிகாலையும், வேதாரண்யம் கால்வாயையும் சீரமைக்க, 2016ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கரையை உயர்த்துவதும், மதகுகளைப் புதுப்பிப்பதும், வெள்ளநீர் கடலுக்கு விரைந்து வடியச் செய்வதும் அத்திட்டத்தின் நோக்கம்.

ஒரு கிலோமீட்டர் கணக்கு

வருமுன் செலவிடும் பணம் எவ்வளவு சிக்கனமானது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். மேட்டூர் அணை திறக்கும் முன் டெல்டா மாவட்டங்களில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் வடிகால்களையும் தூர் வாரத் தமிழக அரசு சிறப்பு நிதி ஒதுக்குகிறது. 2022ஆம் ஆண்டில் ரூ.80 கோடியில் 4,964 கிலோமீட்டர் தூர் வார ஏற்பாடாயிற்று. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ.1.6 லட்சம்.

இனி மறுபக்கம். மத்திய அரசின் நிவாரண விதிமுறைப்படி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 இடுபொருள் மானியம். இது 2022-23 முதல் 2025-26 வரைக்கென வகுத்த தொகை. பத்து ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் நெல் மூழ்கினால் ரூ.1.7 லட்சம். ஆக, ஒரு கிலோமீட்டர் தூர் வாரும் செலவும், இருபத்தைந்து ஏக்கர் நெல் அழிந்தால் தரும் மானியமும் ஏறக்குறைய ஒன்றே. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்ட ஒரு கிலோமீட்டர் வடிகாலால் எத்தனை ஏக்கர் மூழ்கும் என்பதைக் கடைமடை விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மானியமும் விளைச்சலுக்கு ஈடு அல்ல. மறுபடி பயிர் செய்ய உதவும் கைப்பணமே.

முக்கொம்பு மேலணையையும் நினைவுகூரலாம். 1836ஆம் ஆண்டில் சர் ஆர்தர் காட்டன் கட்டிய அந்த அணையில், 2018 ஆகஸ்டு 22 இரவு, கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. புதிய கதவணைக்கு ஒதுக்கிய தொகை ரூ.387.60 கோடி. 2022ஆம் ஆண்டில் டெல்டா முழுவதும் தூர் வாரிய தொகையைப் போல் இது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பழுதானபின் செய்யும் செலவு எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

நிவாரணம் கிடைக்க

வெள்ளம் வந்துவிட்டது. இனி என்ன கிடைக்கும்? 2015ஆம் ஆண்டுக்கு முன் பயிர் பாதிக்குப் பாதி அழிந்தால்தான் மானியம். அவ்வாண்டு அந்த அளவு 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மேற்கண்ட விதிமுறைக் காலத்துக்கான தொகைகள் வருமாறு: மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500, பாசனப் பயிருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500. ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரை மட்டுமே. வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்துவிட்டால் அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000. கறவை மாடு இறந்தால் ரூ.37,500. ஆடு இறந்தால் ரூ.4,000. மாநில அரசு சில ஆண்டுகளில் தன் பணத்தையும் சேர்த்து இதற்கு மேலும் தருவதுண்டு. 2021 நவம்பர் மழையில் அறுவடைக்கு நின்ற குறுவை அழிந்ததற்கு ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. தொகை அவ்வப்போது மாறும். ஆகவே அந்தந்த ஆண்டின் அரசாணையைக் கேட்டறிவது அவசியம்.

இம்மானியம் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுக்கும் கணக்கின்படிதான் வழங்கப்படும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் யார் பெயர், எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று இருக்கிறதோ அதுவே ஆதாரம். சென்ற ஆண்டு உளுந்து போட்ட வயலில் இவ்வாண்டு நெல் இருந்து, அடங்கலில் அது ஏறாமல் போனால், நெல் அழிந்ததற்குச் சான்று இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் ஒருவருடையதாகவும் பணம் வேறொருவருக்குச் செல்வதாகவும் ஆகிவிடும். பயிர் நட்டவுடனே தம் பெயரில் சாகுபடிச் சான்று பெற்றுவிடுவது நன்று. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவருக்கு நிலை இன்னும் உறுதி.

காப்பீடு வேறு, நிவாரணம் வேறு

இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் பலர். நிவாரணம் அரசு தரும் உதவி. காப்பீடு விவசாயி பணம் கட்டிப் பெறும் உரிமை. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 100க்கு ஒன்றரை ரூபாய். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை ரூ.36,000 என்று வைத்துக்கொண்டால் கட்ட வேண்டியது ரூ.540. மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இதுவும் வெள்ளத்துக்கு முன்பே அரசு செலவிடும் பணம்தான்.

2020ஆம் ஆண்டு முதல், பயிர்க்கடன் வாங்கியவரும் விருப்பப்பட்டால் மட்டுமே சேரலாம் என்று ஆயிற்று. வங்கியே பிடித்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 என அறிவிக்கப்படும். சில ஆண்டுகளில் நீட்டித்ததும் உண்டு. நீட்டிப்பை நம்பியிருப்பது மழையோடு பந்தயம் கட்டுவதாகும்.

இழப்பீடு பொதுவாக ஒருவர் வயலைப் பார்த்துத் தரப்படுவதில்லை. வருவாய்க் கிராமத்தில் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி மகசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் அக்கிராமத்துக்கு இழப்பீடு. பள்ளத்தில் உள்ள ஒரு பங்கு நிலம் மூழ்கி, மேட்டு நிலம் நன்றாக விளைந்தால், மூழ்கியவருக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். தனி வயலில் தண்ணீர் தேங்கியதற்கு இழப்பீடு தரும் பிரிவிலிருந்து 2018ஆம் ஆண்டில் நெல் நீக்கப்பட்டது. அதை 2026 காரீஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. தங்கள் மாவட்டத்துக்கு, தங்கள் பயிருக்கு மாநில அரசின் அறிவிக்கையில் இப்பிரிவு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டறிய வேண்டும். இப்படிப்பட்ட தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் நனைந்தாலும், அறுத்த 14 நாட்களுக்குள் என்றால், இதே போலத் தெரிவிக்கலாம். காப்பீடு பற்றிய புகாருக்கும் விவரத்துக்கும் 14447 என்ற எண் உள்ளது.

தகவலும் ஒரு வடிகால்

மதகு, கரை, தூர் வாரல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் பணிகள். வெள்ளத் தணிப்பில் கண்ணுக்குத் தெரியாத பணி தகவல். 2004 ஜனவரியில் தொடங்கிய உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். இந்திய வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை தருகின்றன. வெள்ளச் சமயத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. தமிழக அரசின் உழவன் செயலியும் உண்டு. கைப்பேசியில் அதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதும்.

இத்தகவலின் மதிப்பு என்ன? மூன்று நாளில் கனமழை என்று தெரிந்தால் மேலுரம் இடுவதைத் தள்ளிப் போடலாம். ஒரு மூட்டை யூரியா வாய்க்காலோடு போகாது. மூழ்கும் நிலம் என்று தெரிந்தவர் விதைக்கும் முன் கேட்டால், பொன்மணி எனப்படும் சி.ஆர். 1009 ரகத்தில் சப்-1 மரபணு சேர்த்த விதை பற்றி அறியலாம். அது முழுவதும் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும். தண்ணீர் வடிந்தபின் கேட்டால், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடும் முறையைச் சொல்வார்கள். கட்டணமில்லாத ஓர் அழைப்பால் ஒரு பயிர் பிழைக்கக் கூடும்.

ஆயினும் நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய பணியே. வட்டார அளவில் வானிலை ஆலோசனை தருவதற்காக, 2018ஆம் ஆண்டு முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் நாடெங்கும் ஏற்படுத்தப்பட்டன. 2024 மார்ச்சில் அவை மூடப்பட்டன. ஒரு மதகு உடைந்தால் ஊரே பார்க்கும். ஒரு தகவல் நின்றுபோனால் அறுவடையில்தான் தெரியும்.

விதைக்கடையில் விவசாயியும் நுகர்வோரே

வெள்ளம் வடிந்ததும் விவசாயி முதலில் ஓடுவது விதைக்கடைக்கு. பருவம் தப்புமே என்ற பதற்றத்தில், கிடைத்ததை, சொன்ன விலைக்கு, ரசீது இல்லாமல் வாங்கிவிடுகிறார். முளைப்பு இல்லாத விதையும் கலப்பு விதையும் விலை போவது இந்த நேரத்தில்தான். வெள்ளத்தில் தப்பியவர் விதையில் ஏமாந்தால் அது இரண்டாவது வெள்ளம்.

விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திர மாநில விவசாயிகள் சிலர், வாங்கிய விதை குறைபாடுடையது என்று தேசிய விதைக் கழகத்தின் மீது தொடுத்த வழக்கு அது. விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவதே விவசாயியின் வழக்கம். மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்பதையும் அது கருத்தில் கொண்டது.

இருப்பினும் ரசீது, பை, பையில் தைத்த அட்டை மூன்றையும் அறுவடை வரை வைத்திருக்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. முளைப்பு வராவிட்டால் உடனே வேளாண் உதவி இயக்குநருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வயலைப் பார்வையிட்ட அறிக்கை பெற வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக்கு முன் ஆலோசனை பெற 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

நுகர்வோருக்குத் தகவல் தருவதற்கும் அரசு நிதி உண்டு என்பதைப் பலர் அறியார். 1992ஆம் ஆண்டில் நுகர்வோர் நல நிதி ஏற்படுத்தப்பட்டது. உற்பத்தியாளர் அதிகமாகக் கட்டிய வரி திரும்பத் தரத்தக்கதாகியும், அதன் சுமையை விலையில் ஏற்றி வாங்கியவர் தலையில் வைத்துவிட்டால், அப்பணம் உற்பத்தியாளருக்குப் போகாது. இந்த நிதிக்கு வந்து சேரும். ஆக, விழிப்புணர்வுக்காகச் செலவாகும் அப்பணம் வாங்குவோர் கொடுத்த பணமே. அதன் பயனைக் கேட்டுப் பெறுவது யாசகம் அல்ல.

எப்போது என்ன செய்வது

மே முதல் நாள் கிராம சபையில், மூழ்கும் வடிகால் எது, எத்தனை தூரம் அடைபட்டிருக்கிறது, எத்தனை ஏக்கர் பாதிக்கிறது என்று அளவோடு தீர்மானம் எழுத வேண்டும். "வடிகால் சரியில்லை" என்ற பொதுப் புகாரைவிட, "இன்ன மதகிலிருந்து இன்ன பாலம் வரை" என்று எழுதிய மனுவுக்கு மதிப்பு அதிகம். அம்மனுவின் நகலை மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுத்து, பதிவு எண் பெற வேண்டும். ஆட்சியரே மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நட்டவுடன் அடங்கலில் பயிரைப் பதிவு செய்ய வேண்டும். ஐப்பசிக்குள் காப்பீடு கட்ட வேண்டும். மழை நாட்களில் வானிலை அறிக்கையைக் கேட்க வேண்டும். மூழ்கினால், தேதியோடு படம் எடுத்து, 72 மணிக்குள் தெரிவித்து, கணக்கெடுப்பு நாளில் வயலில் நிற்க வேண்டும். மறு விதைப்புக்கு வாங்கும் ஒவ்வொரு பைக்கும் ரசீது கேட்க வேண்டும். இவற்றுள் காப்பீட்டுக்குத் தவிர வேறு எதற்கும் பெரிய செலவில்லை.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. அரசு கோலும் அணை மண்ணாலும் கல்லாலும் ஆனது. சிறு விவசாயி கோலக்கூடிய அணை ஓர் அடங்கல், ஒரு ரசீது, வேளையறிந்து கேட்கும் ஒரு கேள்வி. அடுத்த வயல்காரருக்கும் கடைசி நாளைச் சொல்லிவிட்டால், அந்த அணை ஊருக்கே காவலாகும்.